ஓய்வூதியர் வீட்டுச் சுவருக்கு ஒரு தினசரி காலண்டர்: 2026-க்கு வாங்கியதைப் பற்றிய மதிப்புரை

அலுவலக வாழ்க்கையை முடித்துக்கொண்டு வீட்டில் இருப்பவர்கள் புத்தாண்டுக்கு வாங்கத் தகுந்த பொருள் எது என்று கேட்டால், தயங்காமல் தினசரி காலண்டர் என்பேன். வேலையில் இருந்த காலத்தில் கிழமையை நாம் தேடிப் போக வேண்டியதில்லை. திங்கட்கிழமைப் பேருந்து நெரிசலும், வெள்ளிக்கிழமை மாலையில் மேசையைக் காலி செய்யும் அவசரமும், மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் பரபரப்புமே இன்று என்ன நாள் என்பதைச் சொல்லிவிடும். பணி ஓய்வுக்குப் பிறகு இந்த அடையாளங்கள் ஒவ்வொன்றாக விலகிப் போகின்றன. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் வேறுபாடு தெரியாமலேயே வாரம் ஓடிவிடுகிறது. மாத்திரை வாங்க வேண்டிய நாளும் மின்கட்டணத்தின் கடைசி நாளும் அதில் தவறிப் போகின்றன. காலையில் எழுந்து நேற்றைய தாளைக் கிழித்து இன்றைய தேதியைப் பார்ப்பதில் தொடங்கும் நாளுக்கு ஓர் ஒழுங்கு வந்துவிடுகிறது என்பதைப் பல ஆண்டுப் பழக்கத்தில் கண்டவன் என்ற முறையில், இந்த ஆண்டு நான் விலை கொடுத்து வாங்கிய காலண்டரைப் பற்றியும், வீட்டுக்கு இலவசமாக வந்து சேர்ந்தவற்றைப் பற்றியும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சென்னையில் காலண்டர் வாங்கப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவை விட்டால் வேறு இடம் தேட வேண்டியதில்லை. கல்யாணப் பத்திரிகை, நோட்டுப் புத்தகம், காகித ரீம் என்று அச்சுத் தொழிலின் எல்லாக் கிளைகளும் நெருக்கியடித்து நிற்கும் அந்தத் தெருவில், டிசம்பர் பிறந்துவிட்டால் கடை வாசல்களில் காலண்டர் கட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருக்கும். அவற்றில் பெரும்பாலானவை சிவகாசியில் அச்சானவை. அங்கே ஆடிப்பெருக்கு அன்று பூசை போட்டு அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பங்களை வெளியிடுவது வழக்கம். மொத்தமாக வாங்கிக் கடைப் பெயர் அச்சடித்துக் கொடுப்பவர்கள் அப்போதிருந்தே பதிவு செய்யத் தொடங்கிவிடுவார்கள். ஒன்றே ஒன்று வாங்க வருகிற என்னைப் போன்றவர்களையும் கடைக்காரர் பொறுமையாகவே கவனித்தார். “சார், உங்களுக்குப் பெரிய எழுத்தா பார்த்து எடுத்துக்குங்க, அட்டைப் படத்தைப் பார்த்து எடுத்துட்டுப் போய் அப்புறம் படிக்க முடியலேன்னு சொல்றவங்கதான் அதிகம்” என்று அவர் சொன்னது, இந்த மதிப்புரையில் நான் சொல்ல வருவதில் பாதி. 120 ரூபாய் கொடுத்து, நடுத்தர அளவில், முருகன் படம் போட்ட ஒன்றை எடுத்து வந்தேன்.

முதலில் கட்டமைப்பு. தினசரி காலண்டரில் மூன்று உறுப்புகள்தான் உண்டு: படம் அச்சிட்ட அட்டை, 365 தாள்கள் கொண்ட கட்டு, அந்தக் கட்டைத் தலைப்பகுதியில் பிடித்திருக்கும் தகரப் பட்டை. இந்தப் பட்டைதான் ஆண்டு முழுவதும் உழைக்கப்போகிறது. ஆனால் கடையில் யாரும் அதைத் தொட்டுப் பார்ப்பதில்லை. நான் வாங்கியதில் பட்டை இரு பக்கமும் அழுந்த மடிக்கப்பட்டு, கம்பி பின்புறம் முழுவதுமாக வளைக்கப்பட்டிருக்கிறது. தாளின் கீழ் மூலையைப் பிடித்து மெல்லப் பக்கவாட்டில் இழுத்தால் பட்டைக்கு ஒட்டி நேர்க்கோடாகக் கிழிகிறது. மேலே பிசிறு நிற்பதில்லை. அடுத்த நாள் தாளும் கூடவே வருவதில்லை. விரல்களில் வாத வலி உள்ளவர்களுக்கு இது சிறிய விஷயம் அன்று. தாளை அழுத்தி இழுக்க வேண்டியிருந்தால் ஆணியோடு காலண்டர் ஆடும், சுவரில் சுண்ணாம்பு உதிரும், கடைசியில் மூன்று நாள் சேர்ந்து கையோடு வந்துவிடும்.

அட்டைப் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976) வரைந்த முருகனும் மீனாட்சியும் இலட்சுமியும் சிவகாசி அச்சகங்களின் வழியாகத் தமிழ்நாட்டு வீடுகளின் பூசை அறைகளுக்குள் வந்து நிலைத்தவர்கள். பழைய காலண்டர் அட்டையைக் கண்ணாடி போட்டு மாட்டிக் கும்பிட்ட தலைமுறை எங்களுடையது. இந்த ஆண்டு அட்டையில் உள்ள படம் அந்த மரபில் வந்ததாகத் தெரிந்தாலும், தங்க நிறப் படலத்தை அளவுக்கு மீறி ஒட்டியிருக்கிறார்கள். மாலை விளக்கொளியில் முகம் தெரியாமல் பளபளப்பு மட்டுமே தெரிகிறது. முகத்தில் இருக்கும் கனிவுக்குத்தான் அந்தப் படங்கள் வாழ்ந்தன. பளபளப்பைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்.

இனி தாள். ஜனவரி 1 வியாழக்கிழமைத் தாளை எடுத்துக்கொள்வோம். நடுவில் தேதி எண் கட்டை விரல் நீளத்துக்குக் கரு நீலத்தில் நிற்கிறது. கூடத்தின் மறுகோடியில் நாற்காலியில் இருந்தபடியே படிக்கலாம். மேலே விசுவாவசு ஆண்டு, மார்கழி 17. அதற்குக் கீழே கிழமை. இடப்பக்கம் நல்ல நேரமும் கௌரி நல்ல நேரமும். வலப்பக்கம் இராகு காலம் 1.30–3.00, எமகண்டம் 6.00–7.30, குளிகை 9.00–10.30, கீழே திதியும் நட்சத்திரமும் யோகமும் அவை முடியும் நேரமும், அடியில் சூலம், அதாவது அன்று பயணம் தவிர்க்க வேண்டிய திசை, தெற்கு, அதற்குப் பரிகாரம் தைலம். இதில் பிரதோஷம் என்ற குறிப்பையும் தனிக் கட்டத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். புத்தாண்டு நாளுக்கே சிவன் கோயிலில் கூட்டம் இருக்கும். அன்று பிரதோஷமும் சேர்ந்தால் மாலை 4.30 மணிக்கு மேல் நெரிசலில் நிற்க முடியாத என் வயதுக்காரர்கள் காலையிலேயே போய்க் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம் அல்லவா? ஒரு நாள் முன்னதாகத் தெரிந்தால் இப்படித் திட்டமிட முடிகிறது.

குறை சொல்ல வேண்டிய இடமும் இந்தத் தாளிலேயே இருக்கிறது. தேதியும் கிழமையும் எவ்வளவு பெரிதோ, திதி முடியும் நேரம் அவ்வளவு சிறிது. அதுவும் நாழிகைக் கணக்கு ஒன்று, மணிக் கணக்கு ஒன்று என்று இரண்டையும் ஒரே வரியில் நெருக்கியிருப்பதால், கண்புரை அறுவை சிகிச்சை முடித்து வந்தவர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் படிக்க இயலாது. ஒரு நாழிகை 24 நிமிடம், இரண்டரை நாழிகை ஒரு மணி என்று மனக்கணக்குப் போடத் தெரிந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்காக நாழிகையை வைத்திருப்பது சரியே. ஆனால் மணிக் கணக்கைத் தனி வரியாக்கி, சற்றே பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும். அமாவாசைத் தர்ப்பணமும் சிராத்தத் திதியும் பார்த்துச் செய்கிற பெரியவர்களே இந்த வரியை அதிகம் படிக்கிறவர்கள் என்பதைப் பதிப்பாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். தை அமாவாசை ஜனவரி 18 ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அந்தத் தாளில் ‘அமாவாசை’ என்ற சொல்லைப் பெரிதாகவும், எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதைப் பொடி எழுத்திலும் கொடுத்திருக்கிறார்கள். அது தலைகீழாக இருந்திருந்தாலும் குற்றமில்லை. தை அமாவாசை என்று வருகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இராகு காலம் பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. எல்லாக் காலண்டர்களும் திங்கள் 7.30–9.00, செவ்வாய் 3.00–4.30 என்று ஆண்டு முழுவதும் மாறாத அட்டவணையையே அச்சிடுகின்றன. காலை 6 மணிக்குச் சூரியன் உதித்து மாலை 6 மணிக்கு மறைவதாகக் கொண்டு, அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை எட்டாகப் பகுத்ததால் கிடைத்த ஒன்றரை மணி இது. சென்னையில் ஜனவரி தொடக்கத்தில் சூரியன் உதிப்பதே சுமார் 6.30 மணிக்குத்தான், மறைவதும் 6 மணிக்குச் சற்று முன்பே. உதய காலத்தைக் கொண்டு கணக்கிட்டால் இராகு காலம் ஏறத்தாழ அரை மணி வரை தள்ளிப் போகும் நாள்கள் உண்டு. நான் வாங்கிய காலண்டர் அந்தந்த நாளின் சூரிய உதய நேரத்தையும் அச்சிட்டிருப்பதால், வேண்டியவர்கள் தாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். இலவசமாக வந்தவற்றில் உதய நேரம் இல்லை. சாத்திரம் பார்ப்பவர்களுக்கு மட்டுமே உரிய குறிப்பு இது என்று எண்ண வேண்டாம். அதிகாலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் எப்போது வெளிச்சம் வரும் என்று தெரிந்துகொண்டு புறப்படுவது நல்லது. மார்கழி இருட்டில் பள்ளம் தெரியாமல் கால் இடறினால் இந்த வயதில் எலும்பு சேர மாதங்கள் ஆகும்.

சூலம் எங்கள் வீட்டில் இன்றும் பேச்சில் இருக்கிறது. “என்னங்க, செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம், கண் ஆஸ்பத்திரிக்குப் புதன்கிழமை போகலாமா?” என்று என் மனைவி கேட்பாள், புதனுக்கும் வடக்கேதான் சூலம் என்று நான் தாளைப் பார்த்துச் சொல்வேன், பிறகு பரிகாரமாகச் சொல்லப்பட்ட பாலைக் குடித்துவிட்டு முதலில் நினைத்த நாளிலேயே புறப்படுவோம். மருத்துவர் கொடுத்த நாளை மாற்றுவதில்லை என்பது எங்களுக்குள் செய்துகொண்ட முடிவு. நம்பிக்கை உள்ளவர்களுக்குப் பரிகாரத்தையும் சேர்த்தே அச்சிடும் காலண்டர் பெரிய உதவி. திசையை மட்டும் போட்டுவிட்டுப் பரிகாரத்தை விட்டுவிடுகிற சில பதிப்புகள் வீட்டில் வீண் கவலையைத்தான் உண்டாக்குகின்றன.

பஞ்சாங்க ஆண்டு சித்திரையில் தொடங்கிப் பங்குனியில் முடிகிறது. காலண்டரோ ஜனவரியில் தொடங்குகிறது. ஆகவே ஒரே காலண்டருக்குள் இரண்டு பஞ்சாங்க ஆண்டுகளின் கணக்கு அடங்கியிருக்கிறது. ஏப்ரல் 13 வரை விசுவாவசு, 14 முதல் பராபவ. இந்த இரண்டாம் பகுதியில் கவனமின்மை நுழைய வாய்ப்பு அதிகம் என்பதால், வாங்கும்போது சித்திரைக்குப் பிந்தைய சில தாள்களைப் புரட்டி ஆண்டுப் பெயரும் தமிழ்த் தேதியும் சரியாக மாறியிருக்கின்றனவா என்று பார்த்தேன், மாறியிருக்கின்றன. வாக்கியப் பஞ்சாங்கமா, திருக்கணிதமா என்பதும் கேட்டுத் தெளிய வேண்டிய ஒன்று. முன்னோர் வகுத்த வாக்கியங்களைக் கொண்டு கணிப்பது ஒன்று, வானில் கோள்கள் நிற்கும் இடத்தைக் கொண்டு திருத்திக் கணிப்பது மற்றொன்று. இரண்டுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்குச் சனிப்பெயர்ச்சியே சான்று: திருக்கணிதப்படி அது 2025 மார்ச் 29-லேயே நிகழ்ந்துவிட்டது, வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் 2026 மார்ச் மாதத்தில்தான். கோயிலுக்குப் போகத் திட்டமிடும் முதியவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி முன்பதிவு செய்து வண்டி ஏற்பாடு செய்கிறவர்கள். ஒரே நாளுக்கு இரண்டு தேதி கேட்டால் குழம்பிப் போவார்கள். என் காலண்டரின் முதல் பக்கத்தில் எந்தப் பஞ்சாங்கத்தைத் தழுவியது என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். முதன்மையான பெயர்ச்சிகளுக்கு இரு கணக்கையும் கொடுத்திருக்கிறார்கள். இதற்காகவே பாராட்டலாம்.

மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள், சமநோக்கு நாள் என்ற குறிப்பை அம்புக்குறியாகவே போட்டிருப்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது. மொட்டை மாடியில் தொட்டிகள் வைத்துக் கீரையும் கத்தரியும் வளர்ப்பவர்கள் ஓய்வு பெற்றவர்களில் ஏராளம். நாற்று நட மேல்நோக்கு நாள், கிழங்கு ஊன்றக் கீழ்நோக்கு நாள் என்று பார்த்துச் செய்யும்போது, விளைச்சல் எப்படிப் போனாலும், அந்த வாரத்துக்கு ஒரு வேலை நாள் குறிக்கப்பட்டுவிடுகிறது. கரிநாள்களையும் விடாமல் போட்டிருக்கிறார்கள். பொங்கல் நாளான தை 1-ம், அடுத்த இரு நாள்களும் கரிநாள்கள் என்பதைத் தாளில் பார்த்துவிட்டுப் பேரன் விளக்கம் கேட்டான். பொங்கல் வைப்பதற்குத் தடையில்லை, புதிய சுபகாரியம் தொடங்குவதற்குத்தான் அதைத் தவிர்ப்பார்கள் என்று சொல்லிக் கொடுத்தேன்.

இராசிபலன் என்ற பெயரில் பன்னிரண்டு இராசிக்கும் பன்னிரண்டு சொற்கள் இருக்கின்றன: வரவு, செலவு, நலம், பகை என்று. இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தாளின் பின்புறத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எனக்கு வந்த இலவசக் காலண்டர்களில் ஒன்று, ஒவ்வொரு தாளின் பின்னாலும் ஒரு மருத்துவக் குறிப்பை அச்சிட்டிருக்கிறது. சளிக்குத் துளசி, செரிமானத்துக்குச் சீரகம் என்பவை பாதகமில்லாதவை. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் ‘இதை உண்டால் குணமாகும்’ என்று ஒற்றை வரியில், சொன்னவர் யார் என்பதும் இல்லாமல் போடுவதை ஏற்க முடியாது. காலண்டரில் அச்சானதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும் முதியவர்கள் இருக்கிறார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயத்துக்கு மாறிவிட்டால் விளைவு கடுமையாக இருக்கும். நான் விலைக்கு வாங்கியதில் பின்பக்கம் வெற்றாக இருக்கிறது. அதுவே எனக்கு மிகவும் பயன்படுகிறது.

காலையில் குளுக்கோமீட்டரில் பார்த்த சர்க்கரை அளவு, இரத்த அழுத்தம், நடந்த நேரம், வாங்கிய மருந்து ஆகியவற்றை அன்றைய தாளின் முன்பக்கக் கீழ் ஓரத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிவிடுகிறேன். இடம் போதாவிட்டால் மறுநாள் கிழித்த பிறகு பின்பக்கத்தில் தொடர்கிறேன். கிழித்த தாள்களை மாத வாரியாக ஒரு கிளிப்பில் கோத்து வைத்திருக்கிறேன்; மருத்துவரிடம் போகும்போது அதைக் கையில் எடுத்துப் போனால், எந்த வாரத்தில் சர்க்கரை ஏறியது, அப்போது வீட்டில் என்ன விசேஷம் என்பது இரண்டும் ஒரே தாளில் இருக்கின்றன. பொங்கல் வாரத்து எண்களைப் பார்த்த மருத்துவர் வேறு கேள்வியே கேட்கவில்லை. காகிதம் மெலிதாக இருப்பதால் ஜெல் பேனா மை மறுபுறம் ஊறுகிறது. பால்பாயின்ட்டும் பென்சிலும் மட்டுமே ஒத்துவருகின்றன. கீழ் ஓரத்தில் இன்னும் இரண்டு விரல் அகலம் வெற்றிடம் விட்டால், இந்தக் காலண்டரை முதியவர்களுக்கென்றே செய்தது என்று தயங்காமல் சொல்வேன்.

இதற்கு மேல் என் முதன்மையான குறை, அச்சிடப்படாமல் விடுபட்ட நாள்களைப் பற்றியது. தமிழ்நாட்டில் ஓய்வூதியத்திலும் வட்டியிலும் வாழ்கிறவர்கள் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள்; அவர்கள்தாம் தாள் தாளாக இந்தக் காலண்டரைப் படிக்கிறவர்கள். அவர்களுக்கு வேண்டிய நாள்கள் எதுவும் இதில் இல்லை. வங்கி விடுமுறையையே பாருங்கள். இந்த ஜனவரியில் பொங்கல் 15 வியாழன், திருவள்ளுவர் நாள் 16, உழவர் திருநாள் 17, அடுத்தது ஞாயிறு. தொடர்ந்து நான்கு நாள் வங்கி இல்லை. பிறகு 24 நான்காம் சனிக்கிழமை, 25 ஞாயிறு, 26 குடியரசு நாள். மீண்டும் மூன்று நாள். சிவப்பு எழுத்தில் அரசு விடுமுறைகளைக் காட்டும் காலண்டர், வங்கிகளுக்கு விடுமுறையான இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளைக் கறுப்பில்தான் விட்டிருக்கிறது. பணம் எடுக்கும் இயந்திரத்தைக் கையாளத் தயங்கி வரிசையில் நின்றே பணம் வாங்கும் முதியவர்களுக்கு இந்தச் சனிக்கிழமைகள் எவ்வளவு அலைச்சலைத் தருகின்றன என்பதை எந்தக் கிளையின் வாசலில் நின்று பார்த்தாலும் தெரியும்.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வட்டி ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் வேலை நாளில் வரவு வைக்கப்படுகிறது. 2004-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் 2023 ஏப்ரல் முதல் 30 இலட்சம் ரூபாய் வரை போடலாம் என்பதால், பல வீடுகளில் மூன்று மாதச் செலவே அந்த நான்கு நாள்களைச் சார்ந்திருக்கிறது. மத்திய அரசு ஓய்வூதியம் மாதத்தின் கடைசி வேலை நாளில் வரும். மார்ச் மாத ஓய்வூதியம் மட்டும் ஏப்ரலில்தான் வரும். இந்த ஆண்டு ஏப்ரல் 1 வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள், 3 பெரிய வெள்ளி. அந்த வாரத்துச் செலவுக்கு முன்கூட்டியே கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை ஒரு வரியில் அச்சிட்டால் எத்தனை பேருக்கு உதவும்! வட்டிக்கு வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கியில் எழுதிக் கொடுக்கும் படிவம் ஏப்ரல் தொடக்கத்தில் தர வேண்டியது. சொத்து வரியை ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு வாழ்நாள் சான்று நவம்பரில். 80 வயது கடந்தவர்கள் அக்டோபரிலேயே தொடங்கிவிடலாம். மாநில அரசு ஓய்வூதியர்களுக்கு அவரவர் ஓய்வு பெற்ற மாதமே நேர்காணல் மாதம். சென்னை மாநகரப் பேருந்துகளில் 60 வயது கடந்தவர்களுக்குத் தரப்படும், மாதம் 10 பயணத்துக்கான டோக்கன்களை அரையாண்டுக்கு ஒருமுறை சென்று வாங்க வேண்டும். ஜனவரி முதல் ஜூன் வரைக்குரியதை வாங்க ஜனவரியே காலம்.

இவற்றையெல்லாம் சிவப்பு மையால் நானே தாள்களில் குறித்து வைத்தேன். மின்கணக்கு எடுப்பவர் வந்து போன நாளில் இருந்து 20 நாள் எண்ணி ஒரு வட்டம், எரிவாயு உருளை மாற்றிய நாளில் ஒரு கோடு, மாதாந்திர மருந்துப் பட்டியல் முடியும் நாளுக்கு நான்கு நாள் முன்னதாக ஒரு பெருக்கல் குறி. ஒரு முழு மாலை இதற்காகச் செலவானது. மனைவியும் உடன் உட்கார்ந்து உறவினர் வீட்டுப் பிறந்த நாள்களையும் திருமண நாள்களையும் சொல்லச் சொல்ல எழுதினேன். தினமும் ஒன்று என்று முன்னே வந்து நிற்பதால் குறித்தது கண்ணில் படாமல் தப்ப வழியில்லை. சமையலறையில் தொங்கும் மாத காலண்டர் பால் கணக்குக்கும் வேலைக்கு வருபவரின் விடுப்பைக் குறிக்கவும் சிறந்தது, அதை மாற்ற மாட்டேன். ஆனால் முப்பது கட்டங்களுக்கு நடுவே குறித்த ஒன்றைத் தேடிப் பார்க்க வேண்டும் என்ற நினைவும் நமக்கே வர வேண்டியிருக்கிறது. கைப்பேசியில் நினைவூட்டல் வைத்துக் கொடுத்த மகனின் அன்பு புரிகிறது. மணி அடிக்கும்போது கைப்பேசி வேறு அறையில் இருக்கிறது, அல்லது சத்தமில்லா நிலையில் இருக்கிறது. வீட்டில் இருக்கும் இருவரும் ஒரே நேரத்தில் பார்க்கும் பொருளாகச் சுவர்க் காலண்டரே இருக்கிறது.

இலவசமாக வந்தவற்றைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. நகைக்கடையும் மருந்துக்கடையும் மளிகைக்கடையும் வாடிக்கையாளரை நினைவில் வைத்துக் கொடுப்பது நல்ல வழக்கம். எங்கள் வீட்டில் அவை ஒவ்வோர் அறைக்கும் ஒன்றாகத் தொங்குகின்றன. ஆனால் அவற்றில் ஒன்று ஜனவரி முதல் வாரத்திலேயே பட்டை நெகிழ்ந்து, பிப்ரவரி வரைக்குமான தாள்கள் ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டன. மற்றொன்றில் கடையின் பெயர் தேதியை விடப் பெரிதாக இருக்கிறது. எழுத்து இளமஞ்சளில் அச்சாகி, குழல் விளக்கின் கீழ் கண்ணுக்கே தெரியவில்லை. கூடத்தில் மாட்டி தினமும் பார்க்கிற ஒன்றை மட்டுமாவது விலை கொடுத்து வாங்குவது நியாயம் என்று எனக்குப் படுகிறது.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே காலண்டரை ஆணியில் மாட்டச் சொல்லி, ஆறடி தள்ளி நின்று கண்ணாடி போட்டும் போடாமலும் படித்துப் பாருங்கள். தலைப்பட்டையைக் கட்டை விரலால் அழுத்தி, அது ஆடுகிறதா என்று சோதியுங்கள். ஜனவரி 15, ஏப்ரல் 14 ஆகிய இரண்டு தாள்களையும் தூக்கிப் பார்த்துத் தமிழ்த் தேதியைச் சரிபாருங்கள். பின்பக்கம் வெற்றாக இருக்கிறதா என்று கேளுங்கள். எழுதுகிற பழக்கம் இருந்தால் அட்டையின் அளவை விடத் தாளின் அளவைப் பார்த்து எடுங்கள். பொங்கல் முடிந்தால் விலை குறையும். ஆனால் அதற்குள் பெரிய எழுத்துக் காலண்டர்கள் தீர்ந்துவிடும், எஞ்சியிருப்பவை பெரும்பாலும் பொடி எழுத்தாகவே இருக்கும். டிசம்பர் இரண்டாம் வாரத்தில், கூட்டம் சேருமுன் காலை நேரத்தில் போனால், கடைக்காரர் நிதானமாக எடுத்துக் காட்டுவார்.